பதினோராம் எண் கூண்டு

திரையில் வருடம் 1900 என்று இருந்தது. மாதம் ஜனவரி. தேதி 0.

ஜனவரி பூஜ்யம் என்றொரு நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. மண்டபத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய ஓர் ஊரின் படிப்பகத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ராஸ்பெரி பை கணினி அதைக் காட்டிக்கொண்டிருந்தது. அது 2021. கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. இணையம் சரியாக எட்டாத பிள்ளைகளுக்காகப் பாடங்களை அந்தச் சிறு கணினியில் சேர்த்து வைத்து, பக்கத்து வீட்டுச் செல்போன்களுக்கு வைஃபை வழியாகக் கொடுத்து வந்தார்கள். பாலிடெக்னிக் முடித்த ஒரு தம்பி அதைக் கவனித்துக்கொண்டான். பாடங்களை ஒரு கன்டெய்னருக்குள் வைத்திருந்தான். அதற்குள் அப்டேட் போடப் போனால் ஒவ்வொரு முறையும் பாதியில் விழுந்தது. கடைசியில் ஒரே வரிதான் மிஞ்சும்: கையொப்பம் செல்லாது.

"அனுப்புற இடத்துலயே தப்பு இருக்கு சார்" என்றான். மெமரி கார்டை இரண்டு முறை அழித்து எழுதியிருந்தான். கைக்காசு போட்டுப் புதுக் கார்டும் வாங்கியிருந்தான். ஆயுத பூஜை அன்று வைத்த சந்தனப் பொட்டு கணினியின் மூடியில் அப்படியே இருந்தது.

நான் இரண்டு நாள் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே போன்.

"சார், ஓடிருச்சு."

"எப்படிப்பா?"

"ஒரு வரி போட்டேன். கன்டெய்னருக்கு இருக்குற காவல் மொத்தத்தையும் எடுத்துவிட்டுரும். எடுத்ததும் ஓடிருச்சு."

"முன்னாடி ஏன் ஓடல?"

"அது தெரியல சார். ஓடிருச்சுல்ல."

அவனுடைய சந்தோஷத்தில் என்னால் பங்குகொள்ள முடியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன், காய்ச்சல் இறங்கியது என்று சொல்லும் தாயிடம் நான் வாதாட மாட்டேன். அவள் பயத்தில் சொல்கிறாள். ஆனால் கம்ப்யூட்டர் படித்த பையன் அதே கணக்கைப் போடும்போது எனக்கு வலிக்கிறது. ஒன்றைச் செய்தேன், மற்றொன்று நடந்தது, ஆகவே அதனால்தான் நடந்தது. இடையில் என்ன நடந்தது என்று கேட்காதவரை கணினியை இயக்குவதும் கயிறு மந்திரிப்பதும் ஒரே வேலை. தேங்காய் உடைத்து வேண்டிக்கொள்பவன் ஒரு தேங்காயைத்தான் இழக்கிறான். இவனோ பிள்ளைகள் இருபது பேர் பயன்படுத்தும் ஒன்றின் காவலை இழந்திருந்தான்.

நேரில் போனேன். இரண்டு பேரும் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று அடியிலிருந்து பார்த்தோம். அங்கே கண்டது என்னை இன்றுவரை விடவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

கன்டெய்னர் என்றதும் தூத்துக்குடித் துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் இரும்புப் பெட்டிகள் நினைவுக்கு வரலாம். கணினிக்குள் இருப்பதை ஒண்டுக்குடித்தனம் என்று நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு, தனிச் சாமான். கிணறு மட்டும் பொது. அந்தக் கிணறுதான் கெர்னல். ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமா, மணி பார்க்க வேண்டுமா, புது வேலை ஒன்றைத் தொடங்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் கிணற்றடிக்குத்தான் வந்தாக வேண்டும். ஒரு குடித்தனக்காரர் செய்யும் கேடு மற்றவர்களைத் தொடக்கூடாது என்று கிணற்றடியில் ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறார்கள். அவன் கையில் ஒரு பட்டியல். அதில் எழுதியிருப்பதைக் கேட்டால் விடுவான். எழுதாததைக் கேட்டால் தடுப்பான்.

எங்கள் படிப்பகத்தில் குடித்தனக்காரர் புதியவர், காவலாளியின் பட்டியல் பழையது. கன்டெய்னருக்குள் இருந்த லினக்ஸ் அப்போதுதான் வந்தது. வெளியே கணினியை நடத்திய லினக்ஸோ 2019-இல் வந்த டெபியன் பஸ்டரை அடியாகக் கொண்டது. காவல் பட்டியலைப் படித்துச் சொல்லும் லிப்செக்காம்ப் என்ற நூலகம் அதிலும் பழைய பதிப்பு.

உள்ளே இருந்த நிரல் கேட்டது மிகச் சாதாரணமான ஒன்று: மணி என்ன? ஆனால் புதிய முறையில் கேட்டது. அதற்கு நல்ல காரணம் உண்டு. இந்தப் பை போல 32 பிட்டில் ஓடும் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு நொடியாக எண்ணி வருகின்றன. அந்த எண்ணிக்கைக்கான இடம் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதனால் பெரிய எண்ணில் நேரம் சொல்லும் புது அழைப்புகளை லினக்ஸில் 2019-இல் சேர்த்தார்கள். பத்தொன்பது வருடம் கழித்து வரப்போகும் தொல்லையை நினைத்துச் செய்த ஏற்பாடு.

காவலாளிக்கு இந்தப் புதுக் கேள்வி புரியவில்லை. அவன் பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. லினக்ஸில் மறுப்புகளுக்கு எண் உண்டு. 1 என்றால் 'இதற்கு உனக்கு அனுமதி இல்லை'. 38 என்றால் 'இப்படி ஒரு வேலை இங்கே தெரியாது'. அவன் சொல்ல வேண்டியது 38. சொன்னது 1.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தம்பி கேட்டான். எல்லாமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. நிரலை எழுதியவர்கள், புது முறை தெரியாத பழைய கெர்னல்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார்கள். '38' என்று பதில் வந்தால் நிரல் சிணுங்காமல் பழைய முறையில் மறுபடி கேட்கும், மணி கிடைத்துவிடும். '1' என்று வந்தால்? மறுத்தாகிவிட்டது, மறுபடி கேட்பது முறையில்லை என்று திரும்பிவிடும். கீழ்ப்படிந்த பிள்ளை அது. வெறுங்கையோடு திரும்பியது. அந்த வெறுமையை மேலே இருந்தவர்கள் தேதி என்று வாசித்தார்கள். ஜனவரி 0, 1900.

அதோடு நிற்கவில்லை. அப்டேட்டாக வரும் பொதிகளின் கையொப்பத்தைச் சரிபார்ப்பவர் வேறொருவர். இவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், 1900. கையொப்பத்தின் தேதியைப் பார்க்கிறார், 2021. இன்னும் பிறக்காத நாளில் ஒருவன் எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்க முடியும்? செல்லாது என்கிறார். தம்பியும் அதை நம்பி, அனுப்பியவன்மேல் பழி போட்டான். இந்தக் கோளாறில் தவறே செய்யாதவன் அனுப்பியவன் ஒருவன்தான்.

பொய் கிணற்றடியில் சொல்லப்பட்டது. குற்றவாளி என்று பிடிபட்டவன் நாலு தெரு தள்ளி நின்றான்.

இது எங்கள் படிப்பகத்தில் மட்டும் நடந்ததல்ல. அந்த வருடம் உலகமெங்கும் இதே கதை வேறு வேறு உருவத்தில் நடந்தது. புது வேலை ஒன்றைத் தொடங்க லினக்ஸில் 2019-இல் வந்த கிளோன்3 என்ற அழைப்பை, லினக்ஸ் நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2021 ஆகஸ்டுப் பதிப்பு 2.34 பயன்படுத்தத் தொடங்கியது. கன்டெய்னர்களை நடத்தும் டாக்கர் என்ற மென்பொருளின் பழைய காவல் பட்டியலில் அது இல்லை. பதில், மறுபடியும் 1. அடுத்த வருடம் வந்த உபுண்டு 22.04-ஐப் பழைய டாக்கருக்குள் ஏற்றியவர்களுக்கும் முதல் அப்டேட் கட்டளையே விழுந்தது. 2021 அக்டோபரிலேயே வந்த டாக்கர் 20.10.10-இல் செய்த திருத்தம் என்ன தெரியுமா? கிளோன்3 என்று கேட்டால், '1' என்று சொல்லாதே, '38' என்று சொல்.

இந்த இடத்தில் வாசகர் நிற்க வேண்டும். காவலாளி கதவைத் திறக்கவில்லை. கிளோன்3-ஐ உள்ளே விடவும் இல்லை. முன்பும் தடுத்தான், பிறகும் தடுத்தான். மாறியது அவன் சொன்ன காரணம் ஒன்றுதான். 'உனக்கு அனுமதியில்லை' என்று சொன்னவரை வீடு முழுக்க இருண்டு கிடந்தது. 'எனக்கு இது தெரியாது' என்று சொன்ன அன்றைக்கு, உள்ளே இருந்தவர் பழைய வழியில் போய்த் தன் வேலையை முடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னதால் காவலாளிக்கு எந்த நட்டமும் இல்லை.

நான் கேட்பது இதுதான். நம் வீட்டில், பள்ளிக்கூடத்தில், கோயில் வாசலில், ஊர்க்கூட்டத்தில், ஒரு நாளைக்கு எத்தனை முறை 'கூடாது' என்கிறோம்? அதில் எத்தனை உண்மையான 'கூடாது'? எத்தனை, 'எனக்குத் தெரியாது' என்பதற்கு வேட்டி கட்டி நிறுத்தியவை?

தெரியாதது குற்றமில்லை. தடுப்பதுகூடப் பல நேரம் குற்றமில்லை. பயந்தவர் தடுக்கத்தான் செய்வார். தெரியாமையைத் தடையாக வேடம் மாற்றிச் சொல்வது பொய். அதைப் பொய் என்றே சொல்ல வேண்டும். மரியாதை, பண்பாடு, பெரியவர் சொல் என்ற பெயர்கள் அதற்குப் பொருந்தா. கேட்டவர் நல்லவராக இருந்தால் அந்தப் பொய் இன்னும் கொடியது. அடங்காதவன் எப்படியும் சுவரேறிக் குதித்துவிடுவான். அந்தப் பதில் அழிப்பது, சொன்ன சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போகிறவளைத்தான்.

அன்று மாலை படிப்பகத்துத் திண்ணைக்குத் தம்பியின் தாத்தா வந்திருந்தார். அறுபது வருடம் கடலில் இருந்தவர். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "ஒண்ணுக்கும் முப்பத்தெட்டுக்கும் இவ்வளவு பேச்சா? எங்களுக்குப் பதினொண்ணு இருக்கே" என்றார்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பாம்பன் துறைமுகத்தில் கம்பம் நிற்கிறது. வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்தால் அதில் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்கள், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகள். 1-ஆம் எண் என்றால் எங்கோ தொலைவில் ஒரு தாழ்வு நிலை. 2 என்றால் தொலைவில் புயல். 3-உம் 4-உம் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், புயல் இடப்பக்கமா வலப்பக்கமா நேராகவா கடக்கும் என்பதைப் பொறுத்து. 8 முதல் 10 வரை பெரும் அபாயம். செய்தித்தாளில் '3-ஆம் எண் கூண்டு ஏற்றம்' என்று நாம் படிப்பது இதைத்தான்.

வரிசையின் கடைசி எண் 11. பத்தைவிடப் பெரிய புயலுக்கான அடையாளம் என்று நினைத்துவிடக் கூடாது. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கான ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார், என்பதே அதன் பொருள்.

"பதினொண்ணு ஏத்துனா என்ன அர்த்தம்னா, எங்களுக்கு மேல இருந்து ஒண்ணும் வரலப்பா, ஆனா நெலம சரியில்ல, நீ பாத்து நடந்துக்க, அவ்வளவுதான்" என்றார் தாத்தா. "அதப் பாத்துட்டு எவனும் கடலுக்குப் போக மாட்டான். போகாதன்னு சொல்லல. தெரியலன்னுதான் சொன்னான். அதுக்கே போக மாட்டோம்."

தெரியாது என்று சொன்னால் ஒழுங்கு கெட்டுவிடும், யாரும் மதிக்க மாட்டார்கள் என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கரைக்கு வந்து பார்க்க வேண்டும். தெரியாது என்பதற்கென்றே தனி எண், தனி அடையாளம், தனி விளக்கு வைத்து, அதைக் கம்பத்தின் உச்சியில் எல்லோரும் பார்க்க ஏற்றும் ஏற்பாடு இங்கே இருக்கிறது. படித்தவர் வீடுகளில் இல்லாத ஏற்பாடு.

எதுவுமே சொல்லாமல் இருப்பது என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதையும் இந்தக் கரை பார்த்திருக்கிறது. 1964 டிசம்பர் 22, புயல் இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர், ஊரை நெருங்கும்போது சிக்னல் எரியவில்லை என்று சொல்லப்படுகிறது. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. சற்று நின்று, ஊதிவிட்டு, மெல்ல நகர்ந்த ரயிலைக் கடல் எடுத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். அந்த ஓட்டுநரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. இருட்டான விளக்கைப் பார்த்து நின்றவன் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம், கேட்டவருக்குப் பதில் சொல்லாத ஒவ்வொரு அலுவலகச் சன்னலும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இனி காவலாளியின் பட்டியலுக்கு வருகிறேன்.

கன்டெய்னர்களை இயக்கும் ரன்சி என்ற மென்பொருளில் 2021 பிப்ரவரியில் ஒரு விதி சேர்த்தார்கள். பட்டியல் எழுதப்பட்ட காலத்துக்குப் பின்னால் பிறந்த அழைப்பு ஏதாவது வந்தால், அதற்கு '1' என்று சொல்லாதே, '38' சொல். காரணம் எளிமையானது. பட்டியலை எழுதியவர் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றை அவர் எப்படித் தடை செய்திருக்க முடியும்? அவர் பெயரில் தடை சொல்வது அவரையே அவமதிப்பது.

இந்த விதியை மதத் தலைவர்களும் சாதிச் சங்கத் தலைவர்களும் ஒரு மாதம் கடைப்பிடித்துப் பார்க்கட்டும். செல்போனைப் பற்றி எந்தப் பழைய நூலும் பேசவில்லை. பெண் வெளியூர் விடுதியில் தங்கிப் படிப்பதைப் பற்றி அவை பேசவில்லை. மாற்றுச் சிறுநீரகம், ரத்த தானம், சோதனைக்குழாய்க் குழந்தை, எதையும் அவை பார்த்ததில்லை. ஆனாலும் அவற்றின் பெயரில் பதில் மட்டும் உடனே வருகிறது, எண் 1.

கடல் தாண்டுவது பாவம் என்று சில தர்மசாத்திரங்கள் எழுதி வைத்தன. அந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு பாம்பன் கரையில் நின்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாக இலங்கைக்குப் பாய்மரம் ஏறிப் போன மரக்காயர்களும் பரவர்களும் வாழ்ந்த கரை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பின் தனுஷ்கோடியில் ரயில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிய கரை. 1897 ஜனவரி 26 அன்று கடல் கடந்து திரும்பிய விவேகானந்தர் இந்தப் பாம்பனில்தான் காலடி வைத்தார். வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. அந்தத் தடை இந்தக் கரையின் வாழ்வை அறியாதவர்கள் எழுதியது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அப்துல் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லும் ஒரு நிகழ்ச்சி எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. ராமேசுவரத்தில் அவருக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த சிவசுப்பிரமணிய ஐயர், மாணவனைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். முஸ்லிம் பையனுக்குத் தன் சமையலறையில் பரிமாற ஐயரின் மனைவி மறுத்துவிட்டார். ஐயர் மனைவியை வையவில்லை. சமையலறைக் கதவை உடைக்கவும் இல்லை. தாமே பரிமாறினார், பையன் பக்கத்தில் தாமும் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரமும் வா என்றார். அடுத்த வாரம் அந்த அம்மாவே உள்ளே கூட்டிப்போய்ப் பரிமாறினார். அந்த ஒரு வாரத்தில் அவர் மனத்தில் என்ன நடந்திருக்கும்? யாரோ எழுதிக்கொடுத்த பட்டியலில் இந்தப் பையனின் பெயரே இல்லை, இருந்தது ஒரு பயம் மட்டும்தான் என்று அவர் கண்டிருக்க வேண்டும். முதல் முறை விழுந்த அப்டேட் இரண்டாம் முறை ஏறியது.

எல்லாத் தடையையும் உடை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைத்தான் தம்பி செய்தான், காவல் முழுவதையும் கழற்றி எறிந்தான். அப்டேட் ஓடியது உண்மை. கூடவே, அந்தக் கன்டெய்னருக்குள் ஒரு திருட்டு நிரல் புகுந்தால் கணினி முழுக்கத் திறந்து கிடக்கும் என்பதும் உண்மை. வீட்டில் ஒரு 'கூடாது' பொய் என்று கண்டுபிடித்த இளைஞர்கள் பலர் எல்லாக் 'கூடாது'களையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கடலில் போடுகிறார்கள். அதற்குப் பொறுப்பு அவர்கள்மேல் மட்டுமா?

கிரகணத்தை எடுத்துக்கொள்வோம். 2010 ஜனவரி 15 அன்று வளைய சூரிய கிரகணம் தனுஷ்கோடி வழியாகக் கடந்தது. சூரியன் பத்து நிமிடத்துக்கும் மேல் நெருப்பு வளையமாக நின்றது. வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பது உண்மையான தடை. விழித்திரை கருகும், வலிகூடத் தெரியாது. சாப்பிடக் கூடாது, கர்ப்பிணி வெளியே வரக் கூடாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் இரண்டையும் பாட்டி ஒரே குரலில், ஒரே சொல்லில் சொல்கிறாள். பேரன் ஒரு நாள் கிரகண நேரத்தில் வடை தின்று பார்க்கிறான். ஒன்றும் ஆகவில்லை. அப்போது அவன் எந்த முடிவுக்கு வருவான்? பாட்டி சொன்னது எல்லாமே சும்மா. அடுத்த கிரகணத்தில் நிமிர்ந்து சூரியனைப் பார்ப்பான். அவன் கண்ணைக் கெடுத்தது வடையைத் தடுத்த பொய்.

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் கடலில் இறங்கக் கூடாது என்று பலகை இருக்கிறது. இரண்டு கடலின் நீரோட்டம் சந்திக்கும் இடம், இழுத்தால் திரும்ப விடாது. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டும் இறங்குகிறவர்கள் உண்டு. வாழ்நாளெல்லாம் காரணமில்லாப் பலகைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் காரணமுள்ள பலகை எப்படித் தனியாகத் தெரியும்?

காரணம் சொல்லும் தடை எப்படி இருக்கும் என்பதற்கும் தூரம் போக வேண்டியதில்லை. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பானது. காற்று தணிந்தால் வழி விட்டது. ரயிலில் வருபவர் என்ன சாதி, என்ன விரதம் என்று அந்தக் கருவி கேட்டதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அந்த நாட்களில் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு, நிவாரணம் போதவில்லை என்ற சண்டை உண்டு. ஆனால் ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு மீனவரும் பதில் சொல்வார்.

எனக்கு மிகவும் பிடித்த தடை பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்களுடையது. பாசி எடுக்கும் பெண்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கிப் பாறைகளுக்கிடையே முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்து வருகிறார்கள். பெண் கடலில் தொழில் செய்யக் கூடாது என்ற பேச்சு நம் கரைகளில் எங்கும் உண்டு. காரணம் கேட்டால் தீட்டு என்பார்கள், அதற்கு மேல் பதில் இல்லை. இந்தப் பெண்கள் அந்தப் பட்டியலைப் பொருட்படுத்தாமல் தண்ணீருக்குள் இறங்கினார்கள். இறங்கியவர்கள், பாசி தீர்ந்துவிடக் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே ஒரு தடை போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும். இரும்பால் சுரண்டக் கூடாது, கையால் பறிக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் நிறுத்த வேண்டும். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு 2015-இல் கிடைத்தது. அவர்கள் தொழில் செய்யும் தீவுகளோ 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சேர்ந்தவை. அங்கே அவர்களுக்குக் கிடைத்த பதில் நீண்ட காலம் எண் 1. பாசி உண்மையில் குறைகிறதா, இவர்கள் பறிப்பதால்தான் குறைகிறதா என்பதை அவர்களோடு உட்கார்ந்து அளந்து பார்த்துவிட்டு ஒரு பதில் சொல்லியிருக்கலாம்.

பகுத்தறிவாளர்களாகிய நாமும் தப்ப முடியாது. நம் கையிலும் ஒரு பட்டியல் இருக்கிறது, 'மூடநம்பிக்கை' என்ற ஒற்றைச் சொல்லாக. வயதான மீனவர் ஒருவர் வானத்தையும் தண்ணீர் நிறத்தையும் பார்த்துவிட்டு இன்றைக்கு வலை விடக் கூடாது என்கிறார். அதில் வாடை, கொண்டல், கச்சான் என்ற காற்றுகளோடு பழகிய அறுபது வருட அனுபவம் இருக்கலாம். வெறும் சகுனமும் இருக்கலாம். எது என்று கேட்காமலே சிரித்துவிடுகிறோம். அதுவும் எண் 1-தான்.

இந்தக் கடலில் கப்பல் போகக் கால்வாய் தோண்டும் சேதுசமுத்திரத் திட்டத்தில் இதைப் பெரிய அளவில் செய்தோம். 2005-இல் தொடங்கினார்கள். 167 கிலோமீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழம், 2,427 கோடி ரூபாய். ராமர் பாலத்துக்கு வரலாற்றுச் சான்றில்லை என்று 2007 செப்டம்பரில் தொல்லியல் துறை உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் இரண்டே நாளில் திரும்பப் பெறப்பட்டது. ஒரு பக்கம், நம்பிக்கை, தொடக் கூடாது. மறுபக்கம், கேலி. என் மனம் எந்தப் பக்கம் என்று ஒளிக்கவில்லை. மணல் திட்டை ஒரு கதையின் பெயரில் கேள்விக்கு அப்பால் வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். ஆனால் தோண்டிய மணல் எத்தனை மழைக்காலத்தில் திரும்பி வந்து மூடும், அதை வருடாவருடம் அள்ள எவ்வளவு ஆகும், பவளப்பாறைக்கு என்ன ஆகும், இந்த வழியில் எத்தனை கப்பல் உண்மையில் வரும் என்ற கேள்விகளை நாம் எத்தனை மேடையில் கேட்டோம்? 'இதற்கு இன்னும் எங்களுக்குப் பதில் தெரியாது' என்று சொல்லும் துணிவு இருந்திருந்தால் நம் வாதம் பலவீனப்பட்டிருக்காது. பதினோராம் எண்ணை ஏற்ற நமக்கும் கை வரவில்லை.

வீட்டுக்குள் இது இன்னும் கடினம். அப்பாவால் மகளிடம் 'நீ சென்னைக்குப் போகக் கூடாது' என்று சொல்லிவிட முடிகிறது. 'அந்த ஊர் எனக்குத் தெரியாதும்மா, உனக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வதென்று தெரியாது, பயமாக இருக்கிறது' என்று சொல்ல முடியவில்லை. இரண்டாவதைச் சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு அவளை அனுப்பாமலே இருக்கலாம், அது வேறு. ஆனால் அவள் கையில் ஒரு வழி இருக்கும். விடுதியைப் பார்க்க உங்களையே கூட்டிப் போவாள். அங்கே படிக்கும் அக்காவைப் போனில் பேசவைப்பாள். மதுரையில் அதே படிப்பு இருக்கிறதா என்று தேடுவாள். 'கூடாது' என்றால் வெறுங்கையோடு திரும்பிப் போய்விடுவாள். பத்து வருடம் கழித்து அவள் வாழ்க்கையில் ஏதோ ஒன்று விழும். அப்போது எல்லோரும் அவள் புருஷனைக் குறை சொல்வார்கள், மாமியாரைக் குறை சொல்வார்கள், அவள் விதியைக் குறை சொல்வார்கள். கிணற்றடிப் பக்கம் யாரும் போக மாட்டார்கள்.

நான் தம்பியிடம் அன்றைக்குச் சொன்னது இவ்வளவு இல்லை. "கோளாறு உள்ள இல்ல தம்பி, வெளிய. நீ அழிச்சு அழிச்சு எழுதுனது பூராவும் உள்ள இருந்தவனத்தான்" என்று மட்டும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. புதுக் கார்டு வாங்கிய காசை நினைத்தானோ என்னவோ.

பிறகு கன்டெய்னரை விட்டு வெளியே வந்து, பை கணினியிலேயே லிப்செக்காம்ப்பின் புதிய பதிப்பை ஏற்றினான். கணினியை நிறுத்தித் தொடங்கினான். உள்ளே போய்த் தேதி கேட்டான். நாள், மாதம், 2021 என்று சரியாக வந்தது. தாத்தா எட்டிப் பார்த்தார்.

அப்டேட்டைத் தொடங்கப் போனவன், கையை எடுத்துவிட்டு, தன் கோப்பைத் திறந்தான். காவலை நீக்க அவன் போட்டிருந்த வரி அப்படியே இருந்தது. அதை அழித்தான். "இது இல்லாமலே ஓடுதான்னு பாக்கணும் சார்" என்றான்.

ஓடியது.